உங்க புக்கை ஸ்கேன் பண்ணி இரவல் குடுக்கறாங்களா? சட்டத்துல என்ன இருக்கு

காசு குடுத்து வாங்கின புக்குதானே, அதை இரவல் குடுத்தா என்ன தப்புன்னு கேக்கறாங்க. பேப்பர் புக்கை தாராளமா குடுக்கலாம், பழைய புத்தகக் கடையில கூட போடலாம், எழுதினவர் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஸ்கேன் பண்ணினா அது புதுசா ஒரு காப்பி, காப்பி எடுக்கற உரிமையும் அதை ஜனங்ககிட்ட கொண்டு போற உரிமையும் 1957 காப்பிரைட் சட்டம் பிரிவு 14-படி எழுதினவருக்குத்தான், அவர் செத்து 60 வருஷம் வரைக்கும். ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும்னு கட்டாயமே இல்ல. நாட்டுடைமை ஆன எழுத்துகள் வேற கதை, அதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.

அமெரிக்காவுல இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற ஆன்லைன் நூலகம், கையில ஒரு பேப்பர் புக் இருந்தா ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் டிஜிட்டல் காப்பின்னு கணக்கு வச்சு குடுத்துட்டு இருந்தாங்க, 2020 மார்ச்ல கொரோனான்னு அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க, ஜூன்ல நாலு பெரிய பப்ளிஷர்ஸ் 127 புக்கை வச்சு கேஸ் போட்டுட்டாங்க. 2023-ல நியூயார்க் கோர்ட், 2024 செப்டம்பர்ல அப்பீல் கோர்ட், ரெண்டுமே இது ஃபேர் யூஸ் (உரிமையாளர்கிட்ட கேக்காமலே பயன்படுத்த சட்டம் குடுக்கற விலக்கு) இல்லன்னு சொல்லிடுச்சு. அந்த ஒருத்தருக்கு ஒண்ணுங்கற கணக்கு கூட கோர்ட்ல நிக்கல, அதுதான் முக்கியம்.

நம்ம சட்டத்துல லைப்ரரிக்கு ஒரு சலுகை இருக்கு, பிரிவு 52-ல. லாப நோக்கம் இல்லாத பொது நூலகம், தன்கிட்ட பேப்பர் காப்பி இருக்கற புக்கை பாதுகாக்கறதுக்காக டிஜிட்டலா சேமிச்சு வச்சுக்கலாம். சேமிக்கத்தான், ஊருக்கெல்லாம் டவுன்லோட் குடுக்க இல்ல. லைப்ரரி இல்லாம எழுதறவங்களே இல்ல, அது எனக்கும் தெரியும், ஆனா உயிரோட இருக்கற எழுத்தாளர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவர் புக்கை பிடிஎஃப் போட்டுட்டு தமிழ்ச் சேவைன்னு சொல்றது நியாயமே இல்ல.

எடுக்க வைக்க என்ன பண்ணணும்? சைட் நடத்தறவங்களுக்கு எழுத்துல புகார் அனுப்புங்க. புக் பேரு, உரிமை உங்களோடதுன்னு காட்ட காப்பிரைட் பக்கத்தோட போட்டோ, காப்பி இருக்கற சரியான லிங்க், இதெல்லாம் வேணும். 2013 காப்பிரைட் விதி 75-படி 36 மணி நேரத்துல அவங்க அதை நிறுத்தணும். ஆனா இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, அப்லோட் பண்ணவர் மேல கேஸ் போட்டு 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வர்றேன்னு புகார்லயே உறுதி குடுக்கணும், ஆர்டர் வரலன்னா அவங்க திரும்ப போட்டுக்கலாம். சின்ன எழுத்தாளருக்கு இது பெரிய பாரம், இந்த விதியை மாத்தியே ஆகணும்.

சைட் அமெரிக்காவுலன்னா அங்க உள்ள டிஎம்சிஏங்கற டிஜிட்டல் காப்பிரைட் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பலாம், நம்ம புக்குக்கும் அங்க பாதுகாப்பு உண்டு, நோட்டீஸ் குடுக்கறப்பவே கேஸ் போடறேன்னு சொல்ல வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க. உரிமையை பதிப்பகத்துக்கு எழுதிக் குடுத்திருந்தா நோட்டீஸ் அனுப்ப வேண்டியது அவங்க, ஆனா ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்னு போடலன்னா பிரிவு 19-படி அது 5 வருஷம்தான், அதுக்கப்புறம் உரிமை உங்ககிட்டயே வந்துடும்.