செண்பக விதையை வெயிலில் காட்டாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தேயிலைத் தோட்டத்து ஓரமாக, சில்வர் ஓக்குக்குப் பதிலாக நம் மலைக்கே உரிய காட்டுச் செண்பகத்தை நிழலுக்கு வளர்க்க ஆசைப்பட்டேன். விதை பொறுக்கி வந்து நன்றாகக் காயவைத்துப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை, ஏன்?

காயவைத்ததுதான் காரணம். ஆனால் இந்த விதையைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

காட்டுச் செண்பகம் மக்னோலியா குடும்பம். கோயில்களில் பார்க்கிற மஞ்சள் செண்பகத்துக்கு நெருங்கிய உறவு; இதன் பூ வெள்ளை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும்தான் இயற்கையாக வளர்கிறது. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் என்றும் பசுமையாக நிற்கும் மரம். இலை உதிர்ந்த இடத்தில் குச்சியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத் தழும்பு இருக்கும். அது இந்தக் குடும்பத்தின் முத்திரை.

சரி, காய்க்கு வருவோம். கொத்தாக இருக்கும் காய்கள் முற்றி வெடித்ததும், உள்ளிருந்து சிவந்த விதைகள் வெளியே வரும். வந்தவை உடனே கீழே விழுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை நூலில் தொங்கி ஆடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், நூல் நீளும்.

இந்த நூல் எங்கிருந்து வந்தது? தாய்மரம் விதைக்குத் தண்ணீர் அனுப்பிய சைலம் குழாயிலிருந்து! நீரை உறிஞ்சி இழுக்கும்போது குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அதன் உட்சுவரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) சுருள்சுருளாகப் படிந்திருக்கும். விதையின் கனத்தில் மெல்லிய சுவர் கிழிகிறது. சுருள் மட்டும் அறுபடாமல் பிரிந்து நீள்கிறது. தாமரைத் தண்டை ஒடித்து இழுத்தால் வருகிற நூலும் இதேதான். தண்ணீர்க் குழாயாக வேலை பார்த்து முடித்தது, கடைசியில் பறவைகளின் கண்ணில் படும்படி விதையைத் தொங்கவிடும் கயிறாகிறது. எனக்கு இதை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

அந்தச் சிவப்பு, பழத்தின் சதையல்ல. விதையின் வெளித்தோலே சதைப்பற்றாக மாறியிருக்கிறது. அது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை முளைப்பு தடைபடும். பறவை விழுங்கினால் அதன் வயிறு தோலைக் கழற்றிவிடும். நாம் செய்தால், ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மணலோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

தோலை எடுத்தாலும் உடனே முளைக்காது. அவரை விதையைப் பிளந்தால் முழுக்கக் கருவே நிறைந்திருக்கும். செண்பக விதையில் ஏறக்குறைய எல்லாமே எண்ணெய் நிறைந்த முளைசூழ்தசை, அதாவது கருவுக்கான உணவுச் சேமிப்பு. ஒரு ஓரத்தில் மிகச் சிறிய கரு. அது அந்தச் சேமிப்பைத் தின்று உள்ளுக்குள்ளேயே வளர்ந்த பிறகுதான் வேர் வெளியே வரும். மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஈரம் வேண்டும். வெயிலில் காய்ந்தால் கரு செத்துவிடும். ஆக, பொறுக்கிய கையோடு சுத்தம் செய்து விதையுங்கள். எலி கிளறாமல் மேலே கம்பிவலை போடுங்கள்.

இடையில் ஒரு ஆதங்கம். இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று சொல்ல எளிதாகப் பணம் கிடைக்கிறது. ஒரு சோலை மரத்தின் விதை எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு யார் கொடுக்கிறார்கள்? கன்று எண்ணிக்கையைவிட இந்த அறிவுக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், பூ வாசனைக்குப் பாம்பு வரும் என்று வாசகர் வீட்டில் பயப்படுகிறார்களாம். பாம்பு மோப்பம் பிடிப்பது முக்கியமாக இரையையும் இணையையும் தேட. பூவில் அதற்கு என்ன இருக்கிறது? மரத்தடியில் கல்லையும் குப்பையையும் குவித்து வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும்.

வளர்ந்த மரம் வெயிலைத் தாங்கும்; நாற்று தாங்காது. அதைவிடப் பெரிய எதிரி உறைபனி. பனி தேங்குகிற பள்ளத்தை விட்டுவிட்டுச் சரிவில் நடுங்கள். முதல் சில குளிர்காலங்களுக்கு மேலே பந்தல் இருக்கட்டும். வேரைக் கிளறினால் வாடிவிடும், அதனால் பையிலிருக்கும் மண் உடையாமல் குழியில் இறக்குங்கள். கூடலூர்ப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். கோத்தகிரிக்கும் பழனி மலைக்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பலாம். உயரம் குறைந்த மலைச்சரிவுக் காப்பித் தோட்டம் என்றால் மஞ்சள் செண்பகமே போதும், ஆனால் விதைக் கன்றாக வாங்குங்கள். ஒட்டுக் கன்று சீக்கிரம் பூக்கும். நிழல் தருகிற உயரத்துக்கு வளர்வது விதைக் கன்றுதான்.