கொடுக்கை நகத்தால் கிள்ளலாமா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தேனீ கொட்டினால் கொடுக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது, விஷப்பை நசுங்கி மொத்தமும் உள்ளே இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?” மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில் தோட்டமெங்கும் தேன்பெட்டிகள் இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

தாராளமாகக் கிள்ளலாம். காரணம், கொடுக்கின் அமைப்பு.

அது ஒற்றை ஊசி அல்ல. நடுவில் ஒரு தண்டு. அதன் பள்ளத்தில் வழுக்கியபடி முன்னும் பின்னும் ஓடும் இரண்டு மெல்லிய ஈட்டிகள். இரண்டிலும் பின்னோக்கிய முட்கள். வலது ஈட்டி சதையைக் கவ்வி நிற்க, இடது ஈட்டி கொஞ்சம் இறங்கும். அது கவ்வியதும் வலது இறங்கும். பனையேறி கையும் காலும் மாற்றி மாற்றிப் பிடித்து ஏறுவாரே, அதே வேலை, தலைகீழாக. இதோடு முடியவில்லை. ஒவ்வொரு ஈட்டியின் மேல்பகுதியிலும் ஒரு சின்ன வால்வு உண்டு. ஈட்டி இறங்கும்போது அது விரிந்து விஷத்தைத் தள்ளும், ஏறும்போது மடங்கிக்கொள்ளும். ஆக, துளைக்கும் அசைவேதான் பம்பு! விஷப்பையில் பிழிந்து தள்ளும் தசையே கிடையாது.

இத்தனையும் நடக்கும்போது தேனீ அங்கே இருக்காது. கொடுக்கோடு வயிற்றின் கடைசி நரம்பு முடிச்சும் பிய்ந்து வந்துவிடுவதால், ஆளில்லாமலே பம்பு ஓடுகிறது. விஷத்தில் பத்தில் ஒன்பது பங்கு முதல் 20 நொடிக்குள் இறங்கிவிடும். சுரண்டி எடுக்க ஏடிஎம் கார்டு தேடி பையைத் துழாவினால் அந்த நேரம் போய்விடும். 1996இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் தங்கள் கையிலேயே கொட்டவைத்துத் தடிப்பை அளந்தார்கள். கிள்ளினாலும் சுரண்டினாலும் வித்தியாசமில்லை. தாமதித்தால் மட்டும் தடிப்பு பெரிதானது. இதற்கு என்ன பெரிய செலவு? நம் ஊர் அடுக்குத் தேனீயை வைத்து இங்கே ஒரு கல்லூரி செய்து பார்க்க, சிறு நிதி போதுமே.

கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. அதனால் எடுத்துக்கொண்டே ஓடுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். அங்கே தேட எதுவுமில்லை, ஓட்டம்தான்.

சுண்ணாம்பு? விஷம் தோலுக்கு அடியில், சுண்ணாம்பு மேலே. இரண்டும் சந்திப்பதே இல்லை. தோல் வெந்ததுதான் மிச்சம். இரும்பைத் தேய்ப்பதற்கு நான் பதில் சொல்வதாயில்லை.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அது ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டு போதும். அலர்ஜி மாத்திரையை நம்பி உட்கார வேண்டாம், தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐ அழைத்துவிட்டு, ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். தேறிவிட்டேன் என்று அவர் சொன்னாலும் எழுந்து நடக்க விடாதீர்கள். கூட்டமாகக் கொட்டியிருந்தால், ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் சிறுநீரகம் பாதிக்கக்கூடும், நேரே ஆஸ்பத்திரிதான்.