முன்தோல் ஏன் இப்படி வீங்குகிறது?

"உறவுக்குப் பிறகு ஆணுறுப்பின் முன்தோல் நீர் கோத்ததுபோல வீங்கி எரிகிறது. பார்மசியில் கேட்க வெட்கமாக இருக்கிறது. இது பால்வினை நோயா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இல்லை. அது வெறும் நீர். உள்ளங்கைத் தோல் அடியிலுள்ள நார்ப்படலத்தோடு இறுக ஒட்டியிருப்பதால் அடி விழுந்தால் சிவக்கும், அவ்வளவுதான். இமையில் குளவி கொட்டினால் கண்ணே மூடிப்போகும். முன்தோல் இமையின் சாதி. அடியில் கொழுப்பில்லாமல் தளர்ந்த இழைகள் மட்டும் இருப்பதால், உராய்வில் மயிர்க்குழாய்களிலிருந்து (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) கசியும் கொஞ்ச நீரும் அங்கே தாராளமாகத் தேங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரத்தைப் பாருங்கள். ஈரம் போதாத உறவென்றால் உடனேயே எரியும். ஆணுறையின் இறப்பர்ப் புரதம் ஒவ்வாதவருக்குச் சில நிமிடங்களில் தடித்து அரிக்கும். அதில் சேர்க்கும் இரசாயனங்கள் ஒவ்வாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சிவந்த புள்ளிகளும் தயிர்த்திரள் போன்ற வெள்ளையும் அரிப்பும் சேர்ந்தால் கன்டிடா என்ற பூஞ்சணத்தைச் சந்தேகிக்கலாம். கொப்புளம், புண், சீழ் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருவோம். பின்னுக்கு இழுத்த முன்தோலைத் திரும்ப முன்னே கொண்டுவராமல் தூங்கிப்போனால், அதன் ஒடுங்கிய வளையம் மொட்டுக்கு (ஆணுறுப்பின் நுனி) பின்னால் கயிறுபோல இறுகி நிற்கும். இரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான நாடியில் அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீற்றர் பாதரசம் வரை, அதைத் திருப்பி எடுத்துச்செல்லும் நாளத்தில் சாதாரணமாக 10 அளவுதான். ஆகவே வளையம் முதலில் நெரிப்பது நாளங்களையும் நிணநீர்க் குழாய்களையும். நாடியோ தன்பாட்டில் இரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வாட்டர் பம் ஓடிக்கொண்டிருக்க வெங்காயப் பாத்தியின் கடைவாயை அடைத்தால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும். பாத்தியின் வரம்பாவது உடைந்து நீர் வெளியேறும். இங்கே தேங்கிய நீரே வளையத்தை மேலும் இறுக்கும், இறுக இறுக இன்னும் தேங்கும். கடைசியில் நாடியும் நெரிபட்டால் மொட்டு நீலம்பாரித்துக் கறுக்கும்.

இதை அவிழ்க்கும் முறையும் அதே கணக்குத்தான். முதலில் நீரை வெளியேற்ற வேண்டும், தோலை இழுப்பது பிறகு. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். பின்பு வீங்கிய பகுதியை உள்ளங்கைக்குள் பொத்தி, 5 முதல் 10 நிமிடம் விடாமல், சீராக அழுத்துங்கள். பலரும் பிழைவிடுவது இங்கேதான்: ஒரு நிமிடத்தில் கையை எடுத்து 'சுருங்கியதா' என்று பார்ப்பார்கள். சுருங்கியதும் இரு பெருவிரல்களாலும் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே, மற்ற விரல்களால் தோலை முன்னே கொண்டுவாருங்கள். வைத்தியசாலைகளில் சிலவேளை வீக்கத்தின்மேல் சீனியைப் பரப்பி வைப்பார்கள். உப்புப் பிசறிய பாகற்காய் நீர் விடுகிறதே, அதே பிரசாரணந்தான் (செறிந்த பக்கம் நீரை இழுப்பது)! ஆனால் அதற்கு மணிக்கணக்காகும். ஒருமுறை முயன்றும் தோல் முன்னே வராவிட்டால், அல்லது நிறம் மாறியிருந்தால், விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால், இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

வெறும் உராய்வு வீக்கத்துக்கு அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு இருமுறை 10 நிமிடம் நனைத்தால் போதும். ஈரத்தை ஒற்றியெடுத்து, தோலை முன்னே விட்டு, வசலீன் மெல்லிதாகப் பூசலாம். ஆறும்வரை உறவு வேண்டாம். டெற்றோல் தொடவே கூடாது. சவர்க்காரமும் வேண்டாம்: யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் கல்சியம் அதிகம், அதோடு சவர்க்காரம் சேர்ந்து உண்டாகும் வெள்ளைப் படிவு மடிப்புக்குள் தங்கி உறுத்தும்.

பூஞ்சணத்துக்கு 1 வீத குளோற்றிமசோல் களிம்பை நாளுக்கு இருமுறை, ஒன்று முதல் இரண்டு வாரம் பூச வேண்டும். துணைவிக்கும் அரிப்பிருந்தால் அவருக்கும் சிகிச்சை தேவை. ஸ்ரெரொயிட் களிம்பை நீங்களாக வாங்கிப் பூசினால் சிவப்பு மறையும், பூஞ்சணம் அடியில் செழிக்கும். திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள். சலரோகத்தில் (நீரிழிவு) சிறுநீரோடு போகும் சீனி பூஞ்சணத்துக்கு விருந்து. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சலரோக மாத்திரைகள் வேலை செய்வதே சீனியைச் சிறுநீரில் தள்ளித்தான். அவற்றை எடுப்பவர்கள் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

இத்தனை விளக்கம் இருக்க, எல்லாவற்றுக்கும் 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரோடு முடித்துவிடுவது எனக்கு எரிச்சலூட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அது இந்த வளையத்தை அவிழ்க்காது.

அடுத்த முறை உராய்வைக் குறைக்கத் தேங்காயெண்ணெய் போதும் என்று நினைப்பவர்கள் ஆணுறை அணிந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் பட்டுச் சில நிமிடங்களிலேயே இறப்பர் பலமிழந்து கிழியும். வசலீனும் எண்ணெய் கலந்த களிம்புகளும் அப்படித்தான். நீர் அடிப்படையிலான வழுக்கிக் களி வாங்குங்கள். சந்தேகம் தீராதவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், விபரம் வெளியே போகாது.