காய்ச்சல் என்று சொல்ல ஏன் பயப்படுகிறோம்?

எங்கோ ஒரு நாட்டில் புதுவகைச் சளிக்காய்ச்சல் (இன்ஃபுளூயன்சா) பரவுகிறது என்று செய்தி வந்தால் போதும், ஒன்றிரண்டு நாளில் சிங்கப்பூரில் நான் மருத்துவராக இருக்கும் மருந்தகத்துத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். சளிக்காய்ச்சலுக்கான டாமிஃபுளூ மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா டாக்டர்? கோழி சாப்பிடலாமா? வீட்டில் வேலைக்கு இருக்கும் பெண் போன மாதம்தான் ஊருக்குப் போய்விட்டு வந்தாள், அவளுக்குப் பரிசோதனை செய்ய வேண்டுமா? கேட்பதில் தவறே இல்லை. எனக்குக் கவலை வேறு. இந்த மாதிரிச் செய்தி வந்த பிறகு, தனக்குக் காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர் நான்கு நாள் காய்ச்சலோடு வந்தார். ஏன் முதல் நாளே வரவில்லை என்று கேட்டேன். “காலையில லாரி ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேனடால் போட்டுக்கிட்டா சூடு காட்டாது சார். நான் சொன்னா ரூம்ல இருக்குற எல்லாரையும் உட்கார வெச்சிருவாங்க” என்றார். ஓவர்டைம் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அதைவிட, அறையில் இருப்பவர்கள் தன்னைத் திட்டுவார்களே என்ற பயம் பெரிதாக இருந்தது. அதே வாரம் ஒரு தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பாலர் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதியம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்த பிறகு கூட்டிக்கொண்டு வந்தார். விடுப்பு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்கள் யாரும் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. உண்மையைச் சொன்னால் நட்டம் தங்களுக்குத்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

பேனடாலில் இருக்கும் பாரசிட்டமால் உடல் சூட்டைக் குறைக்கும், கிருமியைக் குறைக்காது. மாத்திரை போட்டு 37 டிகிரி காட்டும் ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி அப்படியேதான் இருக்கும். சளிக்காய்ச்சலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி உடலுக்குள் போன ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் அறிகுறி தெரியும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே அவரால் மற்றவருக்குப் பரப்ப முடியும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பலாம், சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் கூடுதல் நாள்.

2003ல் நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் நோய் வந்தபோது நிலைமை வேறு. சார்ஸ் கிருமி பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் பரவியது. அதனால் காய்ச்சல் இருப்பவரைப் பிடித்தாலே பரவலைப் பெரும்பாலும் நிறுத்த முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெப்பமானி கொடுத்து தினமும் சூடு பார்க்கச் சொன்ன காலம் அது. அந்தப் பழக்கம் நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது, நல்ல பழக்கமும்கூட. ஆனால் வாசலில் சூடு பார்த்து அனுப்பினால் உள்ளே இருப்பவர்கள் பத்திரம் என்ற நம்பிக்கை சளிக்காய்ச்சலுக்கு எடுபடாது.

சார்ஸ் இங்கே 238 பேரைப் பாதித்தது, 33 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் சீருடையோடு எம்ஆர்டி ரயிலில் ஏறிய தாதியைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனதும், டாக்சிகள் நிற்காமல் போனதும் நடந்தன. 2020ல் அது மறுபடியும் நடந்தது. நோயாளியைக் கவனிப்பவரையே ஒதுக்கும் ஊரில், நோய் வந்தவர் எப்படித் தைரியமாக முன்னால் வருவார்? வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட் பரவியபோது நம் ஊர்த் தம்பிகளைப் பற்றிச் சிலர் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நெருக்கமான அறை, ஒரே குளியலறை, ஒரே லாரி. கிருமி பரவ இவ்வளவும் இருக்க, சுத்தம் தெரியாதவர்கள் என்று பழி அவர்கள்மேல் விழுந்தது.

பயம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத் தேடும். 2009ல் புது எச்1என்1 கிருமியைப் பன்றிக் காய்ச்சல் என்று எல்லாரும் சொன்னதால் எகிப்து நாட்டுப் பன்றிகள் அனைத்தையும் கொல்ல உத்தரவு போட்டது. அப்போது அங்கே ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. பன்றி இறைச்சி சாப்பிட்டு வரும் நோயும் அல்ல அது, மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7ஆம் தேதி மாலை, நோய்ப்பரவல் நிலையை வண்ணத்தால் காட்டிய டோர்ஸ்கான் ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்ததும், அரிசியும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டும் கழிவறைத் தாளும் வாங்கக் கடைகளில் வரிசை நின்றது. பலரும் மறந்துவிட்ட ஒன்று: 2009 ஏப்ரல் 30 அன்றும் அதே ஆரஞ்சு அறிவிக்கப்பட்டது, பதினொரு நாளில் மஞ்சளுக்கு இறங்கியது. அதற்கும் பிறகு, மே மாதக் கடைசியில்தான் சிங்கப்பூரின் முதல் எச்1என்1 நோயாளி உறுதியானார். மருத்துவமனையும் பள்ளியும் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதற்கான அடையாளமாகத்தான் அந்த வண்ணம் இருந்தது. அதைப் பார்த்து அரிசி மூட்டையைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது அந்த முறையே மாறி வேறு ஏற்பாடு வந்துவிட்டது. தொற்றுநோய்களைக் கவனிக்கத் தனி அமைப்பும் 2025 ஏப்ரல் 1 முதல் இயங்குகிறது. அதனால் வாட்ஸ்அப்பில் யாராவது “ஆரஞ்சு அறிவிச்சிட்டாங்க” என்று அனுப்பினால் அது பழைய செய்தி என்று புரிந்துகொள்ளுங்கள்.

பறவைக் காய்ச்சல் பற்றிக் கேட்பவர்களுக்கு: எச்5என்1 மனிதருக்கு முதலில் வந்தது 1997ல், ஹாங்காங்கில். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். கடுமையான நோய்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதுவரை அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் திறனைப் பெறவில்லை. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற பறவைகளோடு நேரடியாகப் பழகியவர்கள். 2024ல் அமெரிக்கப் பால்பண்ணை மாடுகளிலும் இது கண்டறியப்பட்டதால் விஞ்ஞானிகள் இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள். நன்றாக வேகவைத்த கோழியையும் முட்டையையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஊருக்குப் போகும்போது பண்ணையில் கோழி செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் கிட்டே விடாதீர்கள்.

டாமிஃபுளூவை வீட்டில் பதுக்கி வைப்பதில் பயனில்லை. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்ல பலன். அது யாருக்குத் தேவை என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கேதான் மறைப்பதன் விலை தெரிகிறது. பேனடால் போட்டு நான்கு நாள் ஓட்டியவர் என்னிடம் வரும்போது அந்த நேரம் கடந்துவிட்டிருக்கும். ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள், சளிக்காய்ச்சல் கிருமியிடம் அது வேலை செய்யாது. மிளகு ரசமும் இஞ்சித் தண்ணீரும் தொண்டைக்கு இதம், நானும் குடிப்பேன். ஆனால் கொதிநீரில் ஆவி பிடிக்கச் சொல்லிச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். சுட்டுக்கொள்வார்கள். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், உதடு நீலமாவது, குழந்தை பால்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஏறினாலும் உடனே பார்க்க வேண்டும். நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று சேர்ந்திருக்கலாம்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. 2009ல் பலருக்கு நோய் லேசாகப் போனதால், “சும்மா பயமுறுத்தினார்கள்” என்ற பேச்சு தங்கிவிட்டது. ஆனால் இளவயதினரும் கர்ப்பிணிகளும்கூட அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார்கள். வழக்கமான சளிக்காய்ச்சல் ஊசி புதுக் கிருமியைத் தடுக்காமல் போகலாம், உண்மைதான். ஆனால் ஆண்டு முழுவதும் இங்கே சுற்றும் கிருமியிடமிருந்து அது காக்கும். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு, பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் தாங்கள் பதிந்த மருந்தகத்தில் இலவசம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டால் நல்லது, பலன் தெரிய அவ்வளவு நாள் ஆகும்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். 2022 ஏப்ரல் முதல், தங்குவிடுதியில் இருக்கும் ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் எடுத்தாக வேண்டும். எந்த மருந்தகத்துக்குப் போவது, இரவில் யாரை அழைப்பது என்று உங்கள் ஊழியருக்குத் தெரியுமா? இன்றே தமிழில் எழுதி லாரியிலும் அறைச் சுவரிலும் ஒட்டுங்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தவரின் பெயரைக் காலைக் கூட்டத்தில் சொல்லிக் காட்டாதீர்கள். ஒரே ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டால் மற்றவர்கள் வேலையும் தப்பும் என்று மேற்பார்வையாளருக்குப் புரியவையுங்கள். வீட்டில் இல்லப் பணிப்பெண் இருந்தால், “உடம்பு சரியில்லை என்றால் சொல், உன்னை அனுப்பிவிட மாட்டோம்” என்று அவருக்கு நோய் வரும் முன்பே சொல்லி வையுங்கள். அவரது மருத்துவச் செலவு எப்படியும் முதலாளியின் பொறுப்புதான். அப்புறம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மறைக்காமல் சொல்லி வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோரைப் பார்த்தால், “யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது?” என்று விசாரிக்காதீர்கள். சாப்பாடு ஏதாவது வாங்கிக் கதவருகே வைத்துவிட்டு வரட்டுமா என்று கேளுங்கள்.