கோட்டுப்படத்திலிருந்து எழுத்துக்கு: பெப்டைடை வாசிப்பது எப்படி?

அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த பெப்டைடின் வேதிக் கட்டமைப்புப் படத்தைக் கொடுத்து அமினோ அமில வரிசையை எழுதச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். படத்தைத் திருப்பி வரைந்துவிட்டால் எல்லாமே குழம்பிவிடுகிறது என்பது அவருடைய வருத்தம். வேதியியல் படிக்கும் பலருக்கும் உள்ள வருத்தம்தான் இது.

ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் சேர, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிப் பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. இது பள்ளிப் பாடம். வரிசையை அமினோ முனையில் தொடங்கிக் கார்பாக்சில் முனையில் முடிப்பது மரபு. படம் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் இந்தத் திசை மாறாது.

இனி அமினோ முனையின் நைட்ரஜனில் விரலை வையுங்கள். அடுத்து ஒரு கார்பன். அதற்கடுத்து, ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பில் ஏந்திய கார்பன்; இந்த இணைக்குக் கார்போனைல் என்று பெயர். பிறகு மீண்டும் நைட்ரஜன். சங்கிலி எவ்வளவு நீண்டாலும் இதே மூன்றணு நடைதான். நடுவிலுள்ள ஒற்றைக் கார்பனுக்கு ஆல்ஃபா கார்பன் என்று பெயர். அதில் தொங்கும் பக்கச்சங்கிலிதான் அது எந்த அமினோ அமிலம், அதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து எது என்பதைச் சொல்கிறது.

உடலே சுரக்கும் வலிநீக்கியான லியூ-என்கெஃபலினை எடுத்துக்கொள்வோம். 1975இல் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் குழுவினர் அடையாளம் கண்டது. முதல் ஆல்ஃபா கார்பனில் பென்சீன் வளையம், அதன் நுனியில் ஹைட்ராக்சில்: டைரோசின், எழுத்து ஒய். அடுத்த இரண்டிலும் ஹைட்ரஜன் தவிர எதுவுமில்லை: கிளைசின், ஜி, ஜி. நான்காவதில் வளையம் உண்டு, ஹைட்ராக்சில் இல்லை: ஃபினைல்அலனின், எஃப். ஐந்தாவதில் ஒரு கார்பன் தள்ளிக் கிளை பிரிகிறது: லியூசின், எல். முதல் கார்பனிலேயே பிரிந்திருந்தால் ஐசோலியூசின். இரண்டுக்கும் நிறை ஒன்றே என்பதால், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி எளிதில் பிரித்தறியாது. படம் பார்த்தவுடன் சொல்லிவிடும்.

மென்பொருளும் இதையே செய்கிறது. கார்போனைல் கார்பனும் நைட்ரஜனும் சேரும் அமைடு பிணைப்புகளைத் தேடி, வெட்டி, துண்டுகளை நூலகத்தோடு ஒப்பிடுகிறது. ஆனால் எல்லா அமைடும் பெப்டைடு பிணைப்பு அல்ல. குளூட்டாதயோன் என்ற சிறு பெப்டைடைப் பாருங்கள். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்று மூன்றுதான். ஆனால் முதல் நைட்ரஜனிலிருந்து நடந்தால், பிணைப்பிலுள்ள கார்போனைலை அடையுமுன் ஒன்றல்ல, மூன்று கார்பன்கள் குறுக்கிடுகின்றன. குளூட்டாமிக் அமிலம் தன் பக்கச்சங்கிலியின் கார்பாக்சிலால் சிஸ்டீனோடு சேர்ந்திருக்கிறது! வெறுமனே இ-சி-ஜி என்று எழுதினால் அது வேறொரு மூலக்கூறு. இரண்டு அணுக்களுக்கு இடையே கார்பன்களை எண்ணும் இந்த எளிய சோதனை எனக்கு அலுப்பதே இல்லை.

முப்பரிமாணத்திலும் ஒரு பொறி உண்டு. அமினோ அமிலங்களில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி என்ற இரு வகைகள் உண்டு. ஆல்ஃபா கார்பனைச் சுற்றியுள்ள தொகுதிகளை முன்னுரிமைப்படி வரிசையிட்டு எஸ் அல்லது ஆர் என்று குறியிடுவார்கள். புரதங்களில் வரும் எல் வகை அமினோ அமிலங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்குப் பொதுவாக எஸ் என்ற குறியே கிடைக்கும். சிஸ்டீனில் கந்தகம் முன்னுரிமையைத் தட்டிக்கொள்வதால் அதே அமைப்பு ஆர் ஆகிவிடுகிறது. குறியை மட்டும் நம்பும் நிரல், நல்ல சிஸ்டீனை டி வகை என்று தவறாகப் பதிவுசெய்யும்.

எழுத்துகளே போதாத இடங்களும் உண்டு. கிராமிசிடின் எஸ் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பத்து அலகுகள் கொண்ட வளையம்; அதற்கு முனையே கிடையாது. டி வகை ஃபினைல்அலனினும், 20 எழுத்துகளில் இடம்பெறாத ஆர்னிதினும் அதில் உள்ளன. இத்தகையவற்றுக்காகவே ஃபைசர் நிறுவனத்தில் ஹெல்ம் குறியீட்டு முறை உருவானது. புதிய மருந்து மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் நிதியில் சிறு பங்காவது இத்தகைய குறியீடுகளுக்கும் திறந்தநிலை மென்பொருள்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவறான வரிசை தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், அதைத் தேடி எடுப்பவர் எல்லோரும் தவறான மூலக்கூறின் பின்னால் போவார்கள்.

கேள்வி கேட்ட வாசகர் அடுத்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் படத்தை எடுத்துப் பார்க்கலாம். ஒன்பது அலகுகள், ஒன்றாம், ஆறாம் சிஸ்டீன்களைக் கந்தகப் பாலம் இணைக்கிறது. நைட்ரஜனில் முடியும் அமைடு நுனிகள் மூன்று தெரியும். எது சங்கிலியின் முடிவு? ஒவ்வொன்றின் கார்போனைலிலிருந்தும் அதன் அலகின் ஆல்ஃபா நைட்ரஜன்வரை பின்னோக்கி எண்ணுங்கள். இடையில் மூன்று கார்பன் இருந்தால் குளூட்டமின், இரண்டிருந்தால் அஸ்பராஜின். ஒன்றே ஒன்று இருப்பது கடைசிக் கிளைசின். சங்கிலி அங்கேதான் முடிகிறது.