பால்வாடியில் சேர்த்தால் மட்டும் போதுமா?

"பேச்சு வரலையே, ஆறு வயசு ஆகட்டும், ஸ்பெஷல் ஸ்கூல்ல விடுங்க" என்ற பதிலோடு அங்கன்வாடி வாசலிலிருந்து திரும்பும் அம்மாக்கள் உண்டு. அந்த ஆறு வயது சும்மா வந்ததல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, குறைந்தது 40 சதவீதக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. சரி, அதற்கு முன்னால் ஒன்றுமே கிடையாதா? அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படியுங்கள், அங்கே வயதும் இல்லை, சதவீதமும் இல்லை. அரசு பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட விட வேண்டும், படிப்போடு சமூக வளர்ச்சிக்கும் வேண்டிய ஆதரவு தர வேண்டும் என்கிறது.

அங்கன்வாடிக்கென்றே மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பர் 28 அன்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. குறைபாட்டின் அறிகுறியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது, குடும்பத்துக்குத் துணை நிற்பதோடு பிள்ளையை ஊர் நிகழ்ச்சிகளில் சேர்ப்பது, சுகாதாரக் குழுவிடம் அனுப்புவது என்று மூன்று படிகள்.

என்னைக் கேட்டால் மூன்றிலும் எளிதில் நழுவுவது நடுப்படிதான், அதாவது பிள்ளையை மற்றவர்களோடு சேர்ப்பது. பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை மூலையில் ஆயா மடியில் இருக்கும். பேசாத ஒரு நாலு வயதுப் பையன் அலமாரியில் இருக்கும் பந்தைக் கை காட்டுகிறான் என்று வையுங்கள். டீச்சர் உடனே எடுத்துக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதையே பக்கத்தில் இருக்கும் பாப்பா கையில் கொடுத்து, "அவகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், அவன் கையை நீட்டுவான், அவள் உருட்டிவிடுவாள், அப்புறம் அவள் கை நீட்டுவாள். வார்த்தையே இல்லாமல் ஒரு பேச்சு நடந்துவிட்டது, ஆரம்பித்தது அவன். காது கேட்காத பிள்ளை என்றால் நாலைந்து சைகையை வகுப்புக்கே பழக்க வேண்டும், டீச்சருக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? அந்தப் பிள்ளைக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்பதும் 16-ஆம் பிரிவில் இருக்கிறது.

அதனால் கூப்பிட வரும்போது "சாப்பிட்டானா" என்பதோடு நிறுத்தாமல் "யார்கூட விளையாடினான்" என்றும் கேளுங்கள். சேர்க்கவே மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள்: அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம், உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க அவருக்கு அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது.