ஒரே சிப், மூன்று விலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போக்கர் டோர்னமென்ட்டில் கடைசியாக நான்கு பேர் மிஞ்சினார்களாம். பரிசு மூன்று பேருக்குத்தான். இவர் கையில் இரண்டு 10. எதிரே மலைபோலச் சிப் குவித்து வைத்திருந்தவர் மொத்தத்தையும் முன்னால் தள்ளி ‘ஆல்-இன்’ என்றார். எந்தச் சீட்டு வந்தாலும் தள்ளுகிற ஆள் அவர் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். பத்து ஜோடி, அதாவது அந்த இரண்டு 10, அப்படிப்பட்டவருடைய கையை (அவருக்கு வந்த சீட்டுகளை) நான்கில் மூன்று தடவை ஜெயிக்கும். இருந்தும் பக்கத்தில் இருந்த அனுபவசாலி பிறகு இவரிடம், “அந்த இடத்தில் சீட்டைக் கீழே போட்டு விலகுவதுதான் சரி” என்று சொன்னாராம். “சீட்டு அதே சீட்டுதானே, யாரிடம் எவ்வளவு சிப் இருந்தால் என்ன?” என்பது அவர் கேள்வி.

நல்ல கேள்வி. இதற்கான பதில் சீட்டில் இல்லை, சிப்பில் இருக்கிறது. டோர்னமென்ட் சிப் என்பது பணம் கிடையாது. சாதாரணப் பண ஆட்டத்தில் கையிருப்பு இரட்டிப்பானால் உங்கள் சொத்தும் இரட்டிப்பாகும், எழுந்து போய் மாற்றிக்கொள்ளலாம். டோர்னமென்ட்டில் சிப்பை யாரும் பணமாக மாற்றித் தரமாட்டார்கள். எத்தனையாவது இடத்தில் முடித்தீர்கள் என்பதற்குத்தான் பரிசு. ஆகவே சிப்பை இடமாகவும், இடத்தைப் பரிசாகவும் மாற்றிப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றிப் பேசத்தான் எனக்கு இவ்வளவு ஆசை.

அதன் வேர் 1654க்குப் போகிறது. பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி பாஸ்கலிடம் வந்தது. அவரும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி எழுதி அதைத் தீர்த்தார்கள். இதுவரை யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்று பார்க்காதே, ஆட்டம் தொடர்ந்திருந்தால் யார் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கியது. இன்றும் இறுதி மேசையில் மிஞ்சியவர்கள் “ஆடியது போதும், பரிசைப் பிரித்துக்கொள்வோம்” என்றால் பாஸ்கல் பார்த்த அதே கேள்விதான் எழும்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் ஒரே திறமைசாலிகள் என்று வையுங்கள். மேசையில் மொத்தம் 10,000 சிப், உங்களிடம் 2,000. முதலிடம் பெற உங்களுக்கு எவ்வளவு வாய்ப்பு? ஆட்டம் நியாயமானது என்றால், எத்தனை கை ஆடினாலும் உங்கள் சராசரி இருப்பு 2,000லிருந்து மாறக்கூடாது. ஆட்டம் முடியும்போதோ உங்களிடம் இருக்கப்போவது ஒன்று 10,000, இல்லாவிட்டால் பூஜ்யம். நடுவில் எதுவும் கிடையாது. 10,000ஐ எந்த வாய்ப்பால் பெருக்கினால் 2,000 வரும்? 20 சதவீதம். சிப் பங்கு எவ்வளவோ, முதலிடத்துக்கான வாய்ப்பும் அவ்வளவே. நடுவில் நடக்கப்போகும் ஆயிரம் கைகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடை கிடைத்துவிடுகிறது! பள்ளிக்கூடக் கணக்கே போதும் என்பதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

முதலிடம் ஆயிற்று. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு என்ன செய்வது? ஒரு பானையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு துண்டுத்தாள், அதில் உரியவர் பெயர். குலுக்கி ஒன்றை எடுங்கள். அதில் இருக்கும் பெயர் முதலிடம். அவர் பெயர் எழுதிய தாள்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி குலுக்கினால் வருவது இரண்டாமிடம். அப்புறம் மூன்றாமிடம். அவ்வளவுதான் கணக்கு. இந்தச் சூத்திரத்தை 1973ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் எழுதினார், ஆனால் போக்கருக்காக அல்ல. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவதாக வரும் என்று கணிப்பதற்காக. 1987ல் மேசன் மால்முத் இதே வழியைப் போக்கர் சிப்புகளுக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்கள் இதை ஐசிஎம் (Independent Chip Model) என்பார்கள்.

இப்போது பானையைப் பயன்படுத்துவோம். நான்கு பேர், ஆளுக்கு 2,500 சிப். மொத்தப் பரிசை 100 பங்காக வைத்தால் முதலிடத்துக்கு 50, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சமம், எனவே ஆளுக்கு 25 பங்கு மதிப்பு. இருவர் ஆல்-இன்னில் மோதி ஒருவர் வெளியேறுகிறார். ஜெயித்தவரிடம் 5,000. சிப் இரட்டிப்பாகிவிட்டது, மதிப்பு 50 ஆகியிருக்க வேண்டுமே? பானையைக் குலுக்கிப் பாருங்கள். முதலிடத்துக்கு 50 சதவீதம், இரண்டாமிடத்துக்கு 33.3, மூன்றாமிடத்துக்கு 16.7. பரிசோடு பெருக்கிக் கூட்டினால் வருவது 38.33 பங்கு. தோற்றவர் 25 பங்கை முழுதாக இழந்தார்; ஜெயித்தவருக்குக் கூடியதோ 13.33தான்.

மீதி 11.67 எங்கே போயிற்று? சும்மா உட்கார்ந்திருந்த மற்ற இருவரிடம். இருவருடைய மதிப்பும் 25லிருந்து 30.83க்கு ஏறிவிட்டது. ஒரு சிப் போடவில்லை, ஒரு சீட்டைத் திருப்பவில்லை. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்வோமே, அதற்குத் தசம புள்ளி வரை கணக்கு இருக்கிறது பாருங்கள். எதிராளியின் ஆல்-இன்னை ஏற்று நீங்களும் துணிந்து சிப் கட்டும் ஒவ்வொரு தடவையும், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டணம் செலுத்துகிறீர்கள்.

அந்தக் கட்டணத்தைச் சேர்த்து எத்தனை சதவீதம் ஜெயிக்கும் கை வேண்டும்? 25ஐ 38.33ஆல் வகுத்தால் 65.2. பண ஆட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். இங்கே மூன்றில் இரண்டு பங்கு தேவை. நிறம் சேராத ஏஸ்-ராஜா கையில் இருந்து, எதிராளி ஏதோ இரண்டு சீட்டோடு தள்ளினால்கூட உங்கள் வாய்ப்பு ஏறக்குறைய 65.3 சதவீதம்தான். ஏஸ்-ராஜாவே மயிரிழையில் தப்புகிறது!

இது எல்லோரும் சமமாக இருக்கும்போது. நம் வாசகரின் மேசை சமமாக இல்லை. அவர் எண்களைத் தரவில்லை, எனவே அதைப் போன்ற ஒரு மேசையை நானே வைக்கிறேன்: பெரிய ஸ்டாக் (ஒருவரிடம் உள்ள சிப் குவியல்) 5,500, நடுத்தரத்தில் இருவருக்கு 2,000 வீதம், சிறிய ஸ்டாக் 500. பானையைக் குலுக்கினால் பெரியவரின் மதிப்பு 39.1 பங்கு, நடுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு 26.3, சிறியவருக்கு 8.3. இதை 100 சிப்புக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சிறியவர் கையில் 100 சிப்பின் விலை 1.66 பங்கு. நடுத்தரத்தில் 1.31. பெரியவரிடம் 0.71. நிறம் ஒன்று, அச்சிட்ட எண்ணும் ஒன்று, விலை மட்டும் மூன்று.

நடுத்தரத்தில் உட்கார்ந்திருக்கும் நம் வாசகர் பெரியவரின் ஆல்-இன்னை ஏற்றுக் கட்டி ஜெயித்தால் 4,000 சிப் ஆகும், மதிப்பு 34.4. தோற்றால் நான்காமிடம், பூஜ்யம். கீழே போட்டால் 26.3 பத்திரமாக இருக்கிறது. 26.3ஐ 34.4ஆல் வகுத்தால் 76 சதவீதத்துக்கும் சற்று மேல். எதேச்சையான இரண்டு சீட்டுக்கு எதிராகப் பத்து ஜோடியின் வாய்ப்பு 75. ஜாக் ஜோடிக்கு 77.5. ஆக ஜாக் ஜோடி என்றால் கட்டலாம், பத்து ஜோடி என்றால் கீழே போட வேண்டும். அந்த அனுபவசாலி சொன்னது இதைத்தான். ஏற்கெனவே நடுவில் கிடக்கும் கட்டாயப் பணத்தை, அதாவது பிளைண்டை, நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தேவைப்படும் எண் சற்று இறங்கும். நிஜத்தில் யாரும் எல்லாச் சீட்டுக்கும் தள்ளமாட்டார்கள் என்பதால் பத்து ஜோடியின் வாய்ப்பும் கூடவே இறங்கும்.

பெரியவர் ஏன் அவ்வளவு தாராளமாகத் தள்ளினார் என்பதும் இப்போது புரிந்திருக்கும். தோற்றாலும் அவரிடம் 3,500 மிஞ்சும். அவர் பந்தயம் வைப்பது மலிவு விலைச் சிப், எதிராளியைக் கேட்பதோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள சிப். பக்கத்தில் 500 சிப்போடு ஒருவர் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது நடுத்தரத்தினர் அவர் விழட்டும் என்று காத்திருப்பார்கள் என்பது பெரியவருக்குத் தெரியும். குறிவைத்து நடுத்தர ஸ்டாக்குகளையே அழுத்துவார்.

அப்படியென்றால் மிக விலை உயர்ந்த சிப்பை வைத்திருக்கும் சிறியவர்தான் எல்லோரையும்விடப் பயந்து ஆட வேண்டும் என்று தோன்றும். அவரால் அது முடியாது, பிளைண்ட் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது. பால் மேக்ரியல் என்ற கணித ஆசிரியர், பேக்காமன் விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர், இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: ஒரு சுற்றுக்குக் கட்டாயமாகப் போகும் பணத்தால் உங்கள் ஸ்டாக்கை வகுங்கள். முறைவைத்து இருவர் போடும் சின்ன பிளைண்ட் அரை, பெரிய பிளைண்ட் ஒன்று, அதற்கு மேல் போடும் ஆன்டி என்ற கட்டாயப் பணம் மொத்தம் ஒன்று என்றால் சுற்றுக்கு 2.5 பெரிய பிளைண்ட். பத்துப் பெரிய பிளைண்ட் வைத்திருப்பவர் ஒன்றுமே ஆடாமல் இருந்தால் நான்கு சுற்றில் காலி.

பத்துப் பெரிய பிளைண்ட் அளவில் அவருக்கு இன்னும் ஒரு பலம் இருக்கிறது: எதிராளி பின்வாங்கும் வாய்ப்பு. மொத்தத்தையும் தள்ளுகிறார், பின்னால் இருக்கும் இருவரும் 100க்கு 70 தடவை கீழே போடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த 70 தடவையும் சீட்டைக் காட்டாமலே 2.5 கிடைக்கிறது, மொத்தம் 175. மீதி 30 தடவை யாரோ கட்டுகிறார்கள். இவர் கை சுமார்தான், 35 சதவீதமே ஜெயிக்கும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 2.5 நஷ்டம், மொத்தம் 75. கழித்தால் 100 மிச்சம், அதாவது தடவைக்கு ஒரு பெரிய பிளைண்ட் லாபம். சுமாரான கையோடு தள்ளியே ஸ்டாக்கில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. (இது சிப் கணக்கு. பரிசுக்கு ஓர் இடம் பாக்கி இருக்கும் நேரத்தில் மேலே சொன்ன விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

இதே ஆள் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்து 3 பெரிய பிளைண்டுக்கு வந்துவிட்டால்? அப்போது தள்ளினால் பெரிய பிளைண்டில் இருப்பவர் இன்னும் 2 போட்டால் போதும், 7.5 உள்ள மொத்தத்துக்குப் போட்டியிடலாம். அவருக்கு 27 சதவீத வாய்ப்பு இருந்தாலே லாபம். எதேச்சையான கைக்கு எதிராக மிக மட்டமான 3-2கூட 32 சதவீதம் ஜெயிக்கும். எதைக் காட்டியும் அவரை விரட்ட முடியாது. சிறிய ஸ்டாக் பத்தில் இருக்கும்போதே தள்ள வேண்டும், மூன்றில் அல்ல என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

நூறு பெரிய பிளைண்ட் வைத்திருக்கும் தொடக்க நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது பரிசு தூரத்தில் இருக்கிறது, சிப்பின் விலை ஏறக்குறைய நேர்கோடு. சின்ன ஜோடிக்கு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு ஃபிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) சேர்வது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்றுதான், ஆனால் 3 பெரிய பிளைண்ட் போட்டு 100 வரை ஜெயிக்க வழி இருப்பதால் பார்க்கலாம். 15தான் இருக்கிறது என்றால் அந்த ஆசை கூடாது.

இவ்வளவு அழகான கணக்கு கையில் இருக்கும்போது மேசையில் காதில் விழுவதெல்லாம் “இந்த நாற்காலி ராசியில்லை”, “பத்து வந்தாலே எனக்கு ஆகாது” என்பதுதான். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சீட்டுக்கு நினைவு கிடையாது. ராசியை நம்புகிறவர் தான் எந்த விலைச் சிப்பைப் பந்தயம் வைக்கிறார் என்று பார்க்கவே மாட்டார். 1982 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப்பில் இருந்து மீண்டு வந்து பட்டம் வென்றதை அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சிப்புக்கும் பானையில் ஒரு தாள் இருந்தது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம்தான் இந்தக் கணக்கிலேயே பெரிய தூரம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குதிரைக்கும் சீட்டுக்கும் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹார்வில் குதிரைக்கு எழுதிய சூத்திரத்தின் குடும்பத்தைப் புள்ளியியலில் பிளாக்கெட்-லூஸ் மாதிரி என்பார்கள். தேடல் முடிவுகளை எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க அதே பானைதான் உதவுகிறது. 2019ல் ஆறு பேர் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் என்ற நிரலும், எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுப்பது எப்படி என்ற கேள்வியில் இருந்து பிறந்ததுதான். விளையாட்டு என்ற பெயரைப் பார்த்து நிதியை நிறுத்துவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஐசிஎம்முக்குக் குறைகள் உண்டு. எல்லோர் திறமையும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த கையில் யார் பிளைண்ட் போட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆனாலும் சிப் கூடக்கூட மதிப்பு எப்படி ஏறுகிறது என்று அது காட்டும் வளைவு எங்கே அதிகம் வளையும், எங்கே நேராகும் என்று பார்த்தால் ஆட்டத்தின் பாதி விளங்கிவிடும். மூன்று பேருக்கும் வேறொரு போட்டிக்கான ஒரே மாதிரி நுழைவுச் சீட்டுதான் பரிசு, நான்காமவரிடம் ஒரே சிப்தான், அதுவும் அடுத்த கையில் பிளைண்டாகப் போகப்போகிறது என்றால், வளைவு செங்குத்தாகிவிடும். அங்கே ஏஸ் ஜோடியையே கீழே போட வேண்டும். எதேச்சையான கைக்கு எதிராக அது 85 சதவீதம் ஜெயிக்கும், ஆனால் சும்மா இருந்தாலே கிட்டத்தட்ட 100 சதவீதம் பரிசு உறுதி.

மறுகோடியில், இருவர் மட்டும் மிஞ்சும்போது வளைவே இருக்காது. ஆளுக்கு 30 பங்கு ஏற்கெனவே பைக்குள் இருக்கிறது, போட்டி மீதி 20க்கு மட்டும். 6,000 சிப் வைத்திருப்பவருக்கு அதில் 12, 4,000 வைத்திருப்பவருக்கு 8. 100 சிப்புக்கு இருவருக்கும் 0.2 பங்கு, ஒரே விலை. வேடிக்கை பார்த்து லாபம் அடைய மூன்றாவது ஆள் கிடையாது. பாதிக்குச் சற்று மேலே ஜெயிக்கும் கை போதும். அந்த நேரத்தில் அதே பத்து ஜோடி வந்திருந்தால் நம் வாசகர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கட்டியிருக்கலாம்.